சாயம் முதலில், பஞ்சு பிறகு

என்னிடம் வேலை பழகிய பெண் ஒருத்தி இப்போது மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். போன மாதம் போன் பண்ணினாள். "அக்கா, நம்ம ரோஸ் சாயம் இருக்குல்ல, அதைக் கருவிழிப் புண்ணு மேல விட்டு, பச்சை லைட்டைக் காட்டி வைத்தியம் பண்ணுதாவ. மருந்துக்குக் கேக்காத சில புண்ணு கூட ஆறுது. வெளிச்சம் பட்டாத்தான் அந்தச் சாயம் வேலை செய்யுமாம்" என்றாள். அவளுக்கு ஒரே சந்தோஷம். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. "சரி, வை" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் திரும்பக் கூப்பிட்டாள். நான் ஏன் அப்படிப் பேசினேன் என்று கேட்டாள். காரணத்தைச் சொன்னேன். அப்போதிலிருந்து, "எங்ககிட்ட வேலை பழகுத பிள்ளைகளுக்கு இதை எழுதிக் குடுங்கக்கா" என்று ஒரே நச்சரிப்பு. எழுதிவிடுகிறேன். ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் எனக்கு மாலை போட வர வேண்டாம். இது நல்லபடியாக முடிந்த கதை இல்லை.

நான் நர்ஸ் படிப்பு படித்தது பாளையங்கோட்டையில். அங்கே கை கழுவவும் வாயை மூடிக்கொண்டிருக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். முதலாவது நன்றாக வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரே டாக்டர்தான். அவர் பிள்ளைகள் இன்னும் ஊரில் இருப்பதால் பெயர் வேண்டாம், டாக்டர் என்றே சொல்கிறேன். சனிக்கிழமைகளில் நாங்கள் இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், அங்கே வாடகைக்கு எடுத்திருந்த இரண்டு அறைகளில் நோயாளிகளைப் பார்ப்போம். புரட்டாசி சனி என்றால் சொல்லவே வேண்டாம். பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பெயருள்ள குன்றில் ஏறிப் பெருமாளைச் சேவித்துவிட்டு வருகிறவர்கள் நெற்றியில் நாமத்தோடு அப்படியே வந்து எங்கள் பெஞ்சிலும் உட்கார்ந்துவிடுவார்கள்.

டாக்டர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். நோயாளியிடம் தமிழ்தான் பேசுவார். ஆனால் வேலையில் ஆழ்ந்துவிட்டால் தெலுங்கு வந்துவிடும். மருந்து சொட்டும்போது "சூடு, சூடு" என்பார். பார் என்று அர்த்தம். புது ஆட்கள் மருந்து சுடப்போகிறது என்று பயந்து தலையை வெடுக்கென்று இழுப்பார்கள். "ஐயா பாக்கச் சொல்லுதாவ, சுடாது" என்று மொழிபெயர்ப்பதும் என் உத்தியோகத்தில் ஒரு பகுதி.

அவரைப் போல நிதானமான மனிதரை நான் பார்த்ததில்லை. தாடை வைக்கும் தட்டை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, அது உலரும் வரை காத்திருப்பார். நோயாளியை உட்காரவைத்து, நாற்காலி உயரத்தைத் தானே சரி செய்வார். அதன்பிறகு ஸ்லிட் லாம்ப்பை, அதாவது கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கருவியைப் போட்டுக் கருவிழியைப் பார்க்க ஆரம்பித்தால், வெளியே பெஞ்சில் இருப்பவர்கள் முனகத் தொடங்கிவிடுவார்கள். அவர் காதில் அது விழாது. விளிம்பைப் பார்ப்பார், நடுவைப் பார்ப்பார், வெளிச்சத்தைக் கூட்டிப் பார்ப்பார், திரும்ப விளிம்புக்கு வருவார். எனக்கே சில நாள் கால் கடுத்துப்போய், "சார், அந்தப் புண்ணு எங்கேயும் ஓடிப்போகாது" என்று சொல்லியிருக்கிறேன். "அவசரத்தில பாத்தா பாக்காத மாதிரிதான் எஸ்தர்" என்பார்.

கருவிழிப் புண்ணைப் பார்க்க அவர் நம்பியது ரோஸ் பெங்கால் என்ற சாயத்தை. நாங்கள் அதை ரோஸ் சாயம் என்போம். ஒரு சொட்டு விட்டால் செத்துப்போன செல்கள் மட்டும் அந்த நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். புண்ணின் எல்லை செக்கச்செவேலென்று தெரியும். ஹெர்பீஸ் என்ற வைரஸ் போட்ட புண்ணாக இருந்தால், பெரும்பாலும் சின்னக் கொப்பு கிளைவிட்ட மாதிரி இருக்கும். அதைக் கண்டுவிட்டால் சந்தேகமே இல்லை, வைரஸுக்கான களிம்பு கொடுத்துவிடலாம். சாயம் நன்றாக எரியும். பலர் நாற்காலியை விட்டே எழுந்துவிடுவார்கள். சாயத்தைத் தூளாக வாங்கி, ஆஸ்பத்திரியிலேயே கலந்து, பழுப்புக் குப்பியில் ஊற்றி, அதன் மேல் கறுப்புத் தாளும் சுற்றிவைப்போம். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வெளிச்சம் சாயத்தை என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. வெளிச்சத்தோடு சேர்ந்து சாயம் என்ன செய்யும் என்று யாரும் யோசிக்கவில்லை.

கொப்பு மாதிரி இல்லாமல், என்ன புண் என்று பிடிபடாமல் இருந்தால் டாக்டர் ஊகத்தில் மருந்து எழுத மாட்டார். சாயம் விட்டு, விளக்கில் பார்த்து, எல்லையைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு, அந்த விளிம்பிலேயே பஞ்சு சுற்றிய குச்சியை மெதுவாக உருட்டி எடுப்பார். அதைக் குப்பியில் இருக்கும் திரவத்தில் முக்கி மூடுவோம். குப்பி ஐஸ் போட்ட பிளாஸ்கில் போகும். பிளாஸ்க் ஆள் கையில் ரயிலேறி, சென்னையில் அவருடைய நண்பர் வேலை பார்த்த பரிசோதனைக்கூடத்துக்குப் போகும். அங்கே வைரஸ் வளர்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தக் காலத்தில் எங்கள் மாதிரி ஊரில் இவ்வளவு மெனக்கெட்டவர் யார் இருந்தார்கள்? சாயம் முதலில், பஞ்சு பிறகு. எங்கே புண் என்று தெரியாமல் பஞ்சை எங்கே வைப்பது? அதில் பிழை இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது.

சென்னையிலிருந்து வரும் பதில் எப்போதும் ஒன்றுதான். வைரஸ் இல்லை. மூன்று வருஷம், நான்கு வருஷம் இதே பதில். ஐஸ் உருகிவிடுகிறதோ என்று பிளாஸ்கை மாற்றிப் பார்த்தோம். ஆளை மாற்றிப் பார்த்தோம். பதில் மாறவில்லை. கடைசியில் டாக்டருக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. நம் பக்கம் கரிசல் காடு, காய்ந்த வெயில், இங்கே அந்த வைரஸ் குறைவுதான் போல என்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ளூர் டாக்டர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று அதைச் சொல்லவும் செய்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் பின்வரிசையில் உட்கார்ந்து, எங்கள் டாக்டர் பேசுகிறார் என்று பூரித்துப்போயிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சுப்புத்தாய் வந்தாள்.

செட்டியார்பட்டிக்காரி. முப்பது வயதைத் தாண்டியிருப்பாள். ஒரு மில்லில் ஒயிண்டிங்கில் வேலை, அதாவது ஓடுகிற நூல் அறுந்தால் சட்டென்று பார்த்துப் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். சின்ன வயதில் பெரியம்மை வந்ததில் இடது கண்ணில் பூ விழுந்து, பார்வை அப்போதே போய்விட்டது. மிச்சம் இருந்தது வலது கண். அந்த வலது கண்தான் இப்போது சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் சுருங்கியிருந்தது. புருஷன் கருப்பசாமி கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

"ஐயா, இவளுக்கு இருக்கதே ஒத்தக் கண்ணு" என்றுதான் அவர் முதல் வார்த்தை பேசினார்.

சுப்புத்தாய்க்கு வலியிலும் வாய் குறையவில்லை. "எங்க மேஸ்திரி என்ன சொல்லுவாவ தெரியுமா நர்ஸம்மா? ரெண்டு கண்ணுக்காரிகளுக்குத் தெரியாத நூலு இந்த ஒத்தக் கண்ணிக்குத் தெரியுதும்பாவ. சீக்கிரம் சரியாக்கி விடுங்க. நான் இல்லாம அங்க அம்புட்டும் அறுந்து கெடக்கும்" என்றாள். எனக்கு அவளைப் பார்த்தவுடனே பிடித்துப்போய்விட்டது. நான் பேச்சில் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவள் எனக்கு மேலே இருந்தாள்.

புண் கொப்பு மாதிரி இல்லை. அகலமாக, ஓரம் ஒழுங்கில்லாமல் இருந்தது. வருவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரி தாய்ப்பாலைப் பீய்ச்சி விட்டிருக்கிறாள், மருந்துக்கடையில் ஏதோ சொட்டு வாங்கியும் போட்டிருக்கிறார்கள். எதனால் வந்தது, எதனால் இப்படி ஆனது என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை. டாக்டர் என்னைத் தள்ளி அழைத்துப் போய்ச் சொன்னார். "வைரஸா இருந்தா ஸ்டீராய்டு சொட்டு போடக்கூடாது. போட்டா கருவிழி கரைஞ்சிடும். வைரஸ் இல்லாத வெறும் அழற்சியா இருந்தா ஸ்டீராய்டு போட்டே ஆகணும். போடலைன்னா தழும்பு விழுந்து பார்வை போயிடும். ஒத்தக் கண்ணு எஸ்தர். ஊகத்தில எதையும் போட மாட்டேன்."

அன்றைக்கு அவர் வழக்கத்தைவிட நிதானமாகப் பார்த்தார். நான் சாயம் விட்டேன். சுப்புத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். விளக்கின் வெளிச்சத்தை முழுசாகக் கூட்டி, ஓரம் ஓரமாகப் பார்த்தார். ஒரு தடவை பார்த்துவிட்டு, இன்னொரு சொட்டு விடச் சொல்லி மறுபடியும் பார்த்தார். அப்புறம்தான் பஞ்சை உருட்டினார். அவர் ஒரு அவசரக்காரராக இருந்திருந்தால், வெளியே கூட்டம் நிற்கிறது என்று அரைகுறையாகப் பார்த்துவிட்டுப் பஞ்சை எடுத்திருந்தால், அதில் கொஞ்சம் வைரஸாவது பிழைத்திருக்கும். நல்ல குணமே ஒரு மனிதனுக்கு இப்படி எதிரியாக வருமா?

பதில் வந்தது. வைரஸ் இல்லை.

டாக்டர் ஸ்டீராய்டு எழுதினார். முதல் சில நாள் சிவப்பு குறைந்தது. வலி விட்டது. வெளிச்சத்தைப் பார்த்தாள். "வேலைக்குப் போகட்டுமா?" என்று ஆரம்பித்துவிட்டாள். டாக்டர் சிரித்ததை நான் பார்த்தது அபூர்வம், அன்று சிரித்தார். அந்த மருந்து அப்படித்தான் ஏமாற்றும். மேலே நெருப்பை அணைத்த மாதிரி காட்டிவிட்டு, உள்ளே தின்பவனுக்கு வாசலைத் திறந்துவிடும். அடுத்த வாரம் புண் பரவியிருந்தது. சொட்டை நிறுத்தினார், களிம்பு போட்டார். கருவிழி மெலிந்துகொண்டே போனது. ஒரு காலையில் கருப்பசாமி அவளை ரிக்‌ஷாவில் கொண்டு வந்து இறக்கியபோது, கண்ணிலிருந்து சூடாக என்னமோ வழிந்தது என்றாள். கருவிழியில் ஓட்டை விழுந்திருந்தது. மதுரைக்கு அனுப்பி அடைத்தார்கள். கண் உருண்டையைக் காப்பாற்றினார்கள். பார்வையைக் காப்பாற்ற முடியவில்லை.

திரும்பி வந்தபோது கருப்பசாமி டாக்டர் அறை வாசலில் நின்றார். கத்தவில்லை. "ஒத்தக் கண்ணுன்னு சொல்லித்தானய்யா கொண்டாந்தேன்" என்று மட்டும் சொன்னார். டாக்டர் எழுந்து நின்றார். கருப்பசாமி போன பிறகும் உட்காரவில்லை.

இதற்குப் பிறகு வருஷங்கள் ஓடின. டாக்டர் எதையும் மாற்றவில்லை. மாற்ற என்ன இருந்தது? வைரஸ் இல்லை என்று வந்தது, அதற்கேற்ற மருந்து கொடுத்தார், கண்ணின் கெட்ட காலம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. எங்கேயோ இடிக்கிறது என்பார். எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டாக்டருக்குத் துணையாக ஒரு இளம் பெண் டாக்டர் சேர்ந்தாள். சின்ன டாக்டர் என்று கூப்பிடுவோம். வந்த வாரமே, ஒரு நோயாளிக்குப் பஞ்சு எடுக்க நான் தயார் செய்துகொண்டிருந்தேன். வழக்கம்போல ரோஸ் சாயக் குப்பியின் கறுப்புத் தாளைப் பிரித்தேன்.

"சிஸ்டர், பஞ்சு முதல்ல எடுக்கணும். சாயம் அப்புறம்" என்றாள்.

"இங்க இப்படித்தான் பண்ணுவோம்மா" என்றேன், கொஞ்சம் விறைப்பாகவே. நேற்று வந்த பிள்ளை எனக்குச் சொல்லித் தருகிறதே என்றிருந்தது.

"அதில்ல சிஸ்டர். ரோஸ் பெங்கால் மேல வெளிச்சம் பட்டா அது வைரஸைக் கொன்னுடும். அப்புறம் எடுக்கிற பஞ்சுல உயிரோட ஒண்ணும் இருக்காது. லேப்ல எப்படி வளரும்?"

டாக்டர் அடுத்த நாற்காலியில்தான் இருந்தார். நோயாளியின் கண்ணிலிருந்து முகத்தை எடுத்து அவளைப் பார்த்தார். "திரும்பச் சொல்லும்மா" என்றார். அவள் திரும்பச் சொன்னாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளே பயந்துவிட்டாள்.

அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் படிக்கிற காலத்திலேயே வேறு சாயங்களை விட்டு, வெளிச்சம் காட்டி, ஹெர்பீஸ் புண்ணுக்கு வைத்தியம் பண்ணிப் பார்த்தார்களாம். பலன் நிச்சயமில்லை, பின்னால் புற்றுநோய் வருமோ என்ற பயமும் இருந்தது, அதனால் கைவிட்டார்களாம். "சாயமும் வெளிச்சமும் சேர்ந்தா வைரஸ் சாகும்னு எனக்குத் தெரியும் எஸ்தர். பரீட்சையில எழுதியிருக்கேன். ஆனா அது மருந்து, இது பார்க்கிறதுக்கான சாயம்னு ரெண்டையும் தனித்தனியா வச்சிருந்தேன்" என்றார்.

அப்படியும் அவர் கேட்டதை வைத்து முடிவு கட்டவில்லை. அந்தச் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் பூட்டுக்கடை காதர் பாய் வந்தார். கண்ணில் அழகாகக் கிளை விரித்த கொப்பு, வைரஸைக் கொல்லாத வேறொரு மஞ்சள் சாயம் தோய்த்த தாளால் லேசாகத் தொட்டதிலேயே தெரிந்தது. டாக்டர் அவரிடம், "ஒரு சந்தேகம் தீரணும் பாய், ரெண்டு தடவை பஞ்சு எடுத்துக்கிறேன்" என்று சம்மதம் கேட்டார். முதலில் ஒரு பஞ்சு. பிறகு ரோஸ் சாயம் விட்டு, தன் பழைய வழக்கப்படி விளக்கில் நிதானமாகப் பார்த்துவிட்டு, இரண்டாவது பஞ்சு. "ஏன் நர்ஸம்மா, ஒரு கண்ணுக்கு ரெண்டு பஞ்சா? அடுத்த கண்ணுக்கும் இப்பவே சேத்து எடுத்துட்டியளா?" என்று பாய் கேலி பண்ணினார். டாக்டர் சிரிக்கவில்லை. பாயின் கண் களிம்பிலேயே ஆறிவிட்டது.

சென்னையிலிருந்து நண்பர் போனில் சொன்னார். முதல் குப்பியில் வைரஸ் நன்றாக வளர்ந்திருக்கிறது. இரண்டாவதில் ஒன்றும் இல்லை.

டாக்டர் போனை வைத்துவிட்டு, "செட்டியார்பட்டிக்குப் போகணும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னத்துக்கு சார்? போய் என்ன சொல்லப் போறிய? அவ பாட்டுக்கு ஒரு மாதிரி பழகிக்கிட்டு இருக்கா. இப்பப் போயி ஏன் கிளறணும்?"

"அவங்க கண்ணு எப்படிப் போச்சுன்னு அவங்களுக்குத் தெரியணும். கெட்ட காலம்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. கெட்ட காலம் இல்ல, நான்தான்."

"தெரிஞ்சு?"

அவர் கார்ச் சாவியை எடுத்தார். நான் போயிருக்க வேண்டாம். ஆனால் அவரைத் தனியாக விடவும் மனம் வரவில்லை.

சுப்புத்தாய் வீட்டு வாசலில் சாக்கை விரித்து, புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கருப்பசாமி வேலைக்குப் போயிருந்தார். கார் நின்ற சத்தம் கேட்டு முகத்தைத் திருப்பினாள். நான் குரல் கொடுத்ததும், "நர்ஸம்மாவா? ஏம்மா, இம்புட்டு நாள் கழிச்சு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள். டாக்டரும் வந்திருக்கிறார் என்றேன். அவசரமாக எழுந்து சேலையைச் சரிசெய்தாள். டாக்டர் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, தானும் அந்தச் சாக்கின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தார்.

அவர் எதையும் மறைக்கவில்லை. அவள் கண்ணில் இருந்தது வைரஸ்தான், நாங்கள் முதலில் விட்ட சிவப்புச் சாயமும் விளக்கு வெளிச்சமும் சேர்ந்து பஞ்சில் வந்த கிருமியைக் கொன்றுவிட்டன, அதனால் சென்னையில் இல்லை என்று சொன்னார்கள், அதை நம்பித்தான் போடக்கூடாத மருந்தைப் போட்டேன் என்று அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "என் தப்பும்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றார்.

சுப்புத்தாய் கையில் புளியோடு கேட்டுக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், ஏசுவாள் என்று நினைத்தேன். இரண்டுக்கும் என்னைத் தயார் பண்ணிக்கொண்டேன். அவள் முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. என்னமோ யோசித்தாள்.

"அப்பொ அந்தச் சாயம்தான் பூச்சியைக் கொன்னுச்சாய்யா?"

"ஆமாம்மா."

"மேலுக்கு ஒட்டியிருந்ததை மட்டும் கொன்னுச்சு. உள்ள இருந்தது தப்பிச்சிருச்சு. அப்படித்தான?"

"ஆமா."

"வெளிச்சம் காட்டினாத்தான் கொல்லும்?"

"ஆமாம்மா."

அவள் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவை நான் முன்னால் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், சிவப்பு குறைந்து, வேலைக்குப் போகட்டுமா என்று கேட்ட அன்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு பெரிய டாக்டர் இத்தனை வருஷம் கழித்து, நர்ஸையும் கூட்டிக்கொண்டு, கார் எடுத்து வீடு தேடி வருவது மன்னிப்புக் கேட்பதற்கு என்று எந்த நோயாளி நினைப்பாள்? மருந்து கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்ல வந்திருக்கிறோம் என்று அவள் நினைத்துவிட்டாள்.

டாக்டருக்கும் புரிந்துவிட்டது. "சுப்புத்தாயி, நான் அதுக்கு வரலம்மா" என்று ஆரம்பித்தார். அவள் கேட்கவில்லை. கையைச் சேலையில் துடைத்தாள். வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் நாங்கள் பழக்கிய மாதிரியே தலையை அண்ணாந்து, ஒரு விரலால் கீழ் இமையை இழுத்துப் பிடித்தாள்.

"விடுங்கய்யா. எம்புட்டு எரிஞ்சாலும் பொறுத்துக்கிடுதேன்" என்றாள்.

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் வெறுங்கையோடு போயிருந்தோம்.